உழவர் இல்லத்தில் விஞ்ஞானம்

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்திற் பேசுமாறு சங்கத்துக் காரியதரிசியார் எம்மைப் பணித்தபொழுது, தலைப்பையும் அவரே தந்துவிட்டார். தலைப்போ பெரிது, எம் அனுபவமோ கோயமுத்தூர்ச் சீமையில் கிணற்றுப் பாசனமும் மானாவாரியும் கலந்த ஏழு ஏக்கர் பூமியளவினது. ஆதலின் விஞ்ஞானத்தின் பெருமைகளைப் பொதுப்பட வியந்து கூறாது, அத்தகைய ஒரு குடும்பத்தில் விடிந்தது முதல் விளக்கு வைத்த பின்வரை அவ்விஞ்ஞானம் எங்கெங்கே புகுந்து வேலை செய்கின்றது என்பதை மட்டுமே சொல்ல எண்ணுகின்றோம். ஆற்றுப் பாசனத்து அன்பர்கள் தம் நிலத்துக்கேற்ப மாற்றிக் கொள்வார்களாக.

விஞ்ஞானம் என்ற அளவில் நம்மவருட் பலருக்குக் கண்முன் தோன்றுவன கண்ணாடிக் குழாய்களும் பட்டணத்துக் கட்டடங்களுமே. “அது படித்துப் போன பிள்ளைகளுக்குரியது, மண்ணில் நிற்பவனுக்கு எதற்கு?” என்று எம் காதுபடவே கேட்டவர் உளர். அவருக்கு எம் விடை இது. உழவன் நாள்தோறும் உற்றுப் பார்க்கின்றான். அவனைப்போல் வானையும் மண்ணையும் பார்ப்பவர் வேறு யாவர்? ஆயினும் பார்த்ததை அவன் அளப்பதில்லை. அளந்தாலும் எழுதி வைப்பதில்லை. எழுதாத அளவு அடுத்த பட்டத்துக்குள் மறந்துபோம். எம் இல்லத்தில் விஞ்ஞானம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வது பெரும்பாலும் ஒரு நோட்டுப் புத்தகமும், ஓர் அளவுகோலும், முடிச்சிட்ட ஒரு கயிறுமே.

விடியற்காலை எழுந்து கட்டுத்தரையைக் கூட்டுதல், சாணம் வாருதல், பால் கறத்தல், தீனி போடுதல் ஆகியவை எல்லா வீடுகளிற்போலவே எம் வீட்டிலும் நடைபெறும். காலை எட்டரை மணிக்கு மட்டும் ஒரு வேலை மிகுதி. களத்துமேட்டின் நடுவே நேர்ச்சுவருள்ள தகரக் குவளையொன்றை முளையடித்துக் கட்டியிருக்கின்றோம். முதல் நாட் காலை முதல் அன்று காலைவரை அதில் வீழ்ந்த மழைநீரை அளவுகோலிட்டுப் பார்த்து, மில்லிமீட்டர்க் கணக்கில் எழுதி, நீரைக் கொட்டி மீண்டும் வைப்போம். இந்திய வானிலை ஆய்வுத் துறையாரும் எட்டரை மணிக்கே மழையளக்கின்றனர். நாமும் அந்நேரத்தையே கொண்டால் நம் கணக்கை அவர் கணக்கோடு ஒப்பிடலாம். குவளை மரத்தடியில் இருத்தலாகாது. அருகிலுள்ள மரமோ கட்டடமோ எவ்வளவு உயரமோ அதன் இருமடங்கு தூரமாவது விலகியிருக்க வேண்டும். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள எந்தக் குவளையும் போதும். சரிந்த சுவருள்ள வாளி உதவாது.

இதனால் என்ன பயன் என்பீர்கள். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர் நீராம். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். ஆகவே 25 மில்லிமீட்டர் மழை, ஓர் ஏக்கரில் ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று மேற்பட்ட நீரைக் கொணர்ந்து கொட்டுகின்றது. இக்கணக்கை முதன்முதல் போட்டுப் பார்த்த அன்று எம் வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. மூன்று முறை பெருக்கிப் பார்த்தோம். நம் முன்னோர் “ஓர் உழவு மழை” என்று அளந்தார்கள். அதனை இகழ்தல் தகாது. ஏர் இறங்குமளவு மண் நனைந்ததா என்பதை அது கூறுகின்றது. குவளையோ வானம் எவ்வளவு தந்தது என்பதைக் கூறுகின்றது. இரண்டையுமே எம் புத்தகத்தில் அடுத்தடுத்த பத்தியில் எழுதி வருகின்றோம்.

மூன்றாவது பத்தி ஒன்றும் உண்டு. அது எம் பாட்டனாருக்குரியது. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் மழை, தட்டான் தாழப் பறந்தால் மழை, நிலவு கோட்டை கட்டினால் மழை என்று அப்பாரு சொல்வார். ஒவ்வோர் அறிகுறியும் கண்ட நாளைக் குறித்து, அடுத்த மூன்று நாட்களுக்குள் மழை பெய்ததா இல்லையா என்றெழுதத் தொடங்கினோம். அவர் மனம் வருந்துவாரோ என்று அஞ்சினோம், அவரோ, “பெய்யாத நாளையும் விடாமல் எழுது, பெய்த நாளை யாரும் தானே நினைவில் வைத்துக்கொள்வான்” என்றார். எழுத்தறியாத அக்கிழவர் சொன்ன இவ்விதியைப் பின்பற்றாத படித்தவரை யாம் பலர் கண்டிருக்கின்றோம். நிலவுக் கோட்டைக்குக் காரணமும் உண்டு. மிக உயரத்திலுள்ள மெல்லிய முகிலில் பனிக்கட்டித் துகள்கள் நிறைந்து, நிலவொளி அவற்றுட் புகுந்து மடங்குவதால் அவ்வளையம் தோன்றுகின்றது. சிற்சில வேளைகளில் அம்முகில் மழைமுகிலுக்கு முன்னோடியாக வரும். சில வேளைகளில் வெறுமனே கடந்து போம். ஆகையால் அப்பாருவின் குறி பலிப்பதும் பொய்ப்பதும் இரண்டும் இயற்கையே.

இனிக் கிணற்றுக்கு வருவோம். நம் பகுதியாருக்கு உயிர்நிலை அதுவேயாதலின் சற்று விரிவாகக் கூறுதல் பிழையாகாது.

அடிக்கு ஒரு முடிச்சிட்ட கயிற்றின் நுனியிற் கல்லைக் கட்டி, சனிக்கிழமைதோறும் மோட்டார் போடுமுன் கிணற்றில் இறக்கி, நீர் எத்தனையடியில் நிற்கின்றது என்று எழுதுவோம். மாதமொருமுறை மோட்டார் எவ்வளவு நீர் இறைக்கின்றதென்றும் பார்ப்போம். அதற்குக் கருவி வேண்டா. 200 லிட்டர்ப் பீப்பாயைக் குழாய்வாயில் வைத்து, நிரம்ப எத்தனை வினாடியாகின்றது என்று எண்ணினால் போதும். எம் மோட்டாருக்கு 40 வினாடி. அஃதாவது வினாடிக்கு 5 லிட்டர். மணிக்கு 18,000 லிட்டர். முன் சொன்ன 25 மில்லிமீட்டர் மழைக்கு ஈடான நீரை ஓர் ஏக்கருக்கு இறைக்க ஐந்தரை மணிக்கு மேல் ஓட வேண்டும். ஒரு மாலை மழை நமக்கு எத்தனை மணி நேர மின்சாரத்தையும் கிணற்றையும் மிச்சப்படுத்துகின்றது என்பது இதனால் விளங்கும்.

2016ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடெங்கும் பொய்த்ததைத் தாங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வழக்கமான அளவில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் அவ்வாண்டு குறைந்தது. அடுத்த தை மாதம் எம் வீட்டில் ஒரு வழக்கு எழுந்தது. கிணற்றில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமே மோட்டார் ஓடும். அதற்குமேல் சேறு வரும். எம் தமையனார், கடன் வாங்கியேனும் ஆயிரமடிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டு மூன்று ஏக்கரில் கரும்பு வைத்துவிட வேண்டும் என்றார். ஆலைக்காரர் முன்பணம் தருவதாகச் சொல்லியிருந்தனர். எம் தாயாருக்குக் கடன் என்ற சொல்லே ஆகாது. தந்தையார் யார் பக்கமும் பேசவில்லை. இரண்டு நாள் அடுக்களையிற் கூடப் பேச்சுக் குறைந்துவிட்டது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் தண்ணீரால் பிரிந்த குடும்பங்கள் நம் சங்கத்திலேயே எத்தனையென்பதைத் தாங்கள் அறிவீர்கள். அந்த அச்சம் எங்களுக்கும் இருந்தது.

மூன்றாம் நாள் இரவு எம் மனையாள் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து நடுக்கூடத்தில் வைத்தாள். கணக்குப் போட்டோம். கரும்புக்கு அதன் பருவம் முழுவதற்கும் 1,500 முதல் 2,500 மில்லிமீட்டர் நீர் வேண்டும் என்பது பயிர்நூலார் கொண்ட அளவு. நடுவாக 2,000 என்று கொண்டோம். மழை 600 மில்லிமீட்டர் கிடைக்குமென்றும், அதில் ஒரு சொட்டும் வீணாகாதென்றும் தாராளமாகவே வைத்துக்கொண்டோம். எஞ்சிய 1,400 மில்லிமீட்டரை இறைக்க வேண்டும். ஏக்கருக்கு ஏறத்தாழ 56 லட்சத்து 66 ஆயிரம் லிட்டர். எம் மோட்டாருக்கு 315 மணி நேர வேலை. மூன்று ஏக்கருக்கு 945 மணி. நாளொன்றுக்கு இரண்டு மணி வீதம் ஆண்டு முழுதும் ஒருநாளும் தவறாது ஓடினும் 730 மணியே ஆகும். வேறு பயிருக்கும் மாட்டுக்கும் வீட்டுக்கும் ஒரு குடம் மிஞ்சாது. சோளத்துக்கோ 450 முதல் 650 மில்லிமீட்டர் போதும்.

“அதற்காகத்தானே ஆழ்துளை என்கிறேன்” என்றார் தமையனார். நியாயமான கேள்வியே. ஆனால் நம் சீமையின் நிலத்தடி கருங்கற்பாறை. பாறையினுள் நீர் கடல்போல் நிறைந்திருப்பதில்லை. மேலே உள்ள உளுத்த பாறையிலும், கீழே ஓடும் வெடிப்புகளிலும் மட்டுமே தங்கும். வெடிப்பில் துளை பட்டால் நீர், படாவிட்டால் புழுதி. பட்டாலும், அவ்வெடிப்பே பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்கு ஊற்றாக இருத்தல் கூடும். அந்தப் பக்கத்துத் தோட்டம் எம் சிற்றப்பா மக்களுடையது. இதனைத் தந்தையார்தாம் முதன்முதலாக வாய்திறந்து சொன்னார்.

தமையனார் உடனே இணங்கவில்லை. மறுநாள் தாமே பீப்பாயை வைத்து வினாடி எண்ணிப் பார்த்தார். கயிற்றைத் தாமே இறக்கினார். அதன் பின்னர் ஓர் ஏக்கர் மட்டும் சொட்டு நீரில் கரும்பு, மற்ற இரண்டில் மழை கண்டபின் சோளமும் கொள்ளும் என்று முடிவாயிற்று. ஆழ்துளை போட்டிருந்தால் நீர் வந்தே இராது என்று யாம் சாதிக்க வரவில்லை, வந்திருக்கவும் கூடும். கடனின்றி அவ்வாண்டைக் கடந்தோம். அண்ணன் தம்பி ஒரே இலையோலைக் கீழ் இருக்கின்றோம். அவ்வளவே எமக்குத் தெரிந்தது.

விதைக்கு முன் செய்யும் சோதனையைப்பற்றிச் சுருக்கமாகக் கூறுவோம். சோள விதையில் நூறை எண்ணி, நனைத்துப் பிழிந்த துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டி, ஈரம் காயாமல் வைத்திருந்து, முளைத்தவற்றை எண்ண வேண்டும். சான்று பெற்ற சோள விதையில் நூற்றுக்கு 75 முளைத்தல் வேண்டுமென்பது விதி, நெல்லுக்கு 80. கடையில் வாங்கியதாயினும் வீட்டில் எடுத்து வைத்ததாயினும் இதனை எண்ணாமல் நாங்கள் விதைப்பதில்லை. நெல் விதைப்போர் உப்புநீர்ச் சோதனையை அறிந்திருப்பீர்கள். நீரில் புதிய கோழிமுட்டையை இட்டால் அமிழும்; உப்பைக் கரைக்கக் கரைக்க முட்டை மேலெழும்பி, பழைய நாலணாக் காசளவு தலை காட்டும். அந்நீரில் நெல்லைக் கொட்டினால் திரண்ட மணி அடியில் தங்க, சாவியும் அரைமணியும் மிதக்கும். தங்கிய விதையை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். இல்லையேல் உப்பு முளையைக் கெடுக்கும்.

அடுக்களையிலும் இவ்வாராய்ச்சி உண்டு. துவரைக்குச் செம்மண் கட்டி வைப்பது எம் தாயார் தம் மாமியாரிடம் கற்றது. வண்டு பிடிப்பதில்லை என்பது கண்கூடு. ஏன் என்று எம் மகள் கேட்டாள். நுண்ணிய மண்தூள் பூச்சியின் மேலுள்ள மெழுகுப் பூச்சைத் தேய்த்துப் போக்கிவிட, அதன் உடம்பு ஈரம் வற்றி மடிகின்றது என்பதே காரணம். காரணம் தெரிந்த பின் எம் தாயார் ஒன்று செய்தார். ஒரு படி துவரையை மண் கட்டாமல் தனிப் பானையில் வைத்து, ஆடியில் இரண்டு பானையையும் திறந்து மகளுக்குக் காட்டினார்.

அன்பர்களே, அந்த இரண்டாம் பானையை நாம் சாதாரணமாக எண்ணுதல் கூடாது. இங்கிலாந்தில் ரோதாம்ஸ்டெட் என்னுமிடத்தில் லாவெஸ், கில்பர்ட் என்னும் இருவர் 1843ஆம் ஆண்டில் ஒரு கோதுமை வயலைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் எருவிட்டு, ஒரு பட்டைக்கு மட்டும் ஒன்றுமே இடாமல் விட்டனர். அச்சோதனை இன்றும் நடைபெறுகின்றது. ஒன்றும் இடாத அப்பட்டை இல்லாவிடில் ஏனைய பட்டைகளின் விளைச்சலுக்குப் பொருளே இராது. இந்நாளில் நம் வாயிலுக்கு வந்து, “இதைத் தெளியுங்கள், இரட்டிப்பு மகசூல்” என்று புட்டியை நீட்டுவோர் பலர். அவருள் நல்லவரும் உண்டு, பொய்யரும் உண்டு. முகத்தைப் பார்த்து இன்னார் என்று அறிதல் அரிது. எம் வழக்கம், எதை வாங்கினாலும் நாலு பாத்தியைத் தெளிக்காமல் விட்டு, அறுவடையிற் தனியே நிறுத்துப் பார்ப்பது. விற்பவர் முன்னிலையிலேயே இதனைச் சொல்லிவிடுவோம். மறுமுறை வருபவர் சிலரே.

தட்டைப்பயறு, கொள்ளு, நிலக்கடலை ஆகியவற்றை மெல்லப் பிடுங்கி வேரைப் பாருங்கள். கடுகு போலும் மிளகு போலும் முடிச்சுகள் காணும். அவை நோயல்ல. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்கு உணவாக்கும் நுண்ணுயிர்கள் குடியிருக்கும் வீடுகள் அவை. பயறு வகை விளைந்த நிலம் வளம் பெறும் என்பதை உலகத்து உழவர் பன்னெடுங்காலமாக அறிந்திருந்தும், காரணத்தை 1886இல் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்னும் ஜெர்மானியர் இருவரே நிறுவினர். முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாயிருந்தால் வேலை நடக்கின்றதென்றும், பச்சையாகவோ வெளுத்தோ இருந்தால் நடக்கவில்லையென்றும் அறியலாம். விலையில்லாத இச்சோதனையைச் செய்யாமல் யூரியா மூட்டைக்கு வரிசையில் நிற்கின்றோம்.

உழவர் குடியிற் பிறந்து, எண்ணி எழுதியதனாலேயே உலகை மாற்றிய ஒருவர் வரலாற்றைத் தாய்மார்கள் கேட்க வேண்டும். கிரெகோர் மெண்டல் என்பவர் 1822இல், இன்று செக் நாட்டிலுள்ள ஒரு சிற்றூரிற் பிறந்தார். தந்தை அந்தோன் சிறு குடியானவர்; பழமரங்களை ஒட்டுக் கட்டுவதில் ஆர்வமுள்ளவர். 1838இல் மரம் வீழ்ந்து அவர் உடல் நலிவுற்றது. மகன் படிப்புக்குப் பணமில்லை. அப்பொழுது தங்கை தெரேசியா தன் சீதனப் பங்கில் ஒரு பகுதியை விட்டுக் கொடுத்தாள். அப்படிப்பின் வழியே மெண்டல் மடத்துத் துறவியானார். 1856 முதல் ஏறத்தாழ எட்டாண்டுகள் மடத்துத் தோட்டத்திற் பட்டாணி பயிரிட்டார். உருண்டை மணியையும் சுருங்கிய மணியையும் ஒட்டுச் சேர்த்து, அடுத்த தலைமுறைகளை எண்ணினார். ஒரு சோதனையில் உருண்டை 5,474, சுருக்கம் 1,850. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. பிற குணங்களிலும் அதே விகிதம் வந்தது. பாரம்பரியக் குணங்கள் எவ்வாறு இறங்குகின்றன என்னும் சாத்திரத்துக்கு இவ்வெண்களே அடிப்படை. 1866இல் அச்சிட்டார், உலகம் அதன் அருமையை உணர்ந்தது 1900இல், அவரோ 1884இலேயே காலமானார். பட்டாணியோடு நில்லாமல், ஆண்டுக்கணக்காக மழையும் வெப்பமும் அளந்து எழுதியவரும் அவர். பிற்காலத்தில் தெரேசியாவின் மக்கள் படிப்புக்கு அவர் உதவினார்.

இவ்வரலாற்றை எம் வீட்டிற் படித்துக் காட்டியபொழுது எம் மகள், “தெரேசியாவுக்கும் படிக்க ஆசை இருந்ததா?” என்று கேட்டாள். எமக்கு விடை தெரியவில்லை. நம் குலத்திலும் தமக்கை தங்கையர் நகை அடகுக்குப் போய்ப் படித்த ஆண்மக்கள் எத்தனையோ பேர் இச்சபையில் வீற்றிருக்கின்றனர். தங்கை படிப்புக்கெனத் தன் பங்கை விட்டுக் கொடுத்த தமையன் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், அக்கணக்கு நமக்குப் பெருமை தருமென்று தோன்றவில்லை. சங்கத்துக் கல்வி நிதியிலிருந்து சென்ற ஆண்டுகளில் உதவி பெற்றோர் பெயர்ப் பட்டியலை அலுவலகத்திற் கேட்டுப் பெற்று, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று பெரியோர்கள் ஒருமுறை எண்ணுமாறு வேண்டுகின்றோம். எண்ணுவதற்கு அளவுகோலும் வேண்டா, கயிறும் வேண்டா.

விளக்கு வைத்த பின் எம் வீட்டில் நடப்பது சிறிதே. கைப்பேசியில் நாளைய மழைக்குறிப்பைப் பார்த்து, அதனையும் அப்பாருவின் பத்திக்குப் பக்கத்தில் எழுதுவோம். அதுவும் பொய்க்கும் நாள் உண்டு. அப்பாருவுக்கு அதில் ஒரு மகிழ்ச்சி. பிறகு மறுநாள் யார் எந்தப் பாத்திக்கு நீர் கட்டுவது என்ற பேச்சு நடக்கும். அவ்வளவே.

மழைக்குவளை ஒன்றும், முடிச்சிட்ட கயிறும், கோடு போட்ட நோட்டுப் புத்தகம் இருபதும் கொண்டு வந்திருக்கின்றோம். மண்டபத்து வடக்குத் தாழ்வாரத்தில் வைத்திருக்கின்றது. வேண்டுவோர் புத்தகத்தை விலையின்றி எடுத்துச் செல்லலாம். ஐப்பசி மழைக்கு இன்னும் ஆறு வாரமே இருக்கின்றது. அளக்கும் முறையை எம் மகள் அங்கிருந்து சொல்லுவாள். எம்மைவிட அவளே நன்றாகச் சொல்லுவாள்.